புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு புற்று திரும்புமா: எந்தக் குறிப்பான் எதைச் சொல்லும்?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 66 வயது. 15 மாதங்களுக்கு முன் புராஸ்டேட் சுரப்பியை முழுவதும் அகற்றினார்கள். அறுவைக்கு முன் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதம்) 11 இருந்தது. அகற்றிய சுரப்பியின் அறிக்கையில் கிளீசன் (புற்றின் மூர்க்கத்தைக் காட்டும் தரம்) 4+3, சுரப்பியின் எல்லை தாண்டிச் சிறிது பரவல், ஒரு விளிம்பில் புற்று என்று இருக்கிறது. விந்துப்பையிலும் நிணநீர்க் கணுக்களிலும் ஒன்றும் இல்லை. ஆறாவது வாரம் எடுத்த பி.எஸ்.ஏ. 0.03க்குக் கீழே. ஒரு வருடம் கழித்து 0.05, அதற்கு மூன்று மாதம் கழித்து 0.08. புற்று திரும்புமா என்பதை முன்கூட்டியே சொல்லும் மரபணுச் சோதனை இருப்பதாகச் சொல்கிறார்கள். அதைச் செய்துவிட்டால் தெளிவு கிடைத்துவிடுமா?"

நான் நோயியல் துறையைச் சேர்ந்தவன். அறுவை அரங்கிலிருந்து வரும் சுரப்பிகளை வெட்டிப் பார்ப்பது என் அன்றாட வேலை. அதனால் என் பதில் அந்த மேசையிலிருந்து வருகிறது. மரபணுச் சோதனைக்கு ஒரு பயன் உண்டு. ஆனால் அதைவிட அதிகம் சொல்லும் இரண்டு காகிதங்கள் ஏற்கெனவே உங்கள் வீட்டுக் கோப்பில் இருக்கின்றன: அறுவைக்குப் பின் வந்த நோயியல் அறிக்கை, தேதி வாரியான பி.எஸ்.ஏ. அளவுகள். இவை இரண்டையும் ஒழுங்காகப் படிக்காமல் மூன்றாவதாக ஒரு சோதனைக்குப் பணம் கட்டுவதை நான் விரும்பமாட்டேன்.

முதலில், எது திரும்புவதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் பி.எஸ்.ஏ. மீண்டும் தலைகாட்டுவது ஒன்று. எலும்பிலோ தொலைவிலுள்ள கணுக்களிலோ புற்று படிந்து படத்தில் தெரிவது இன்னொன்று. அந்த நோயால் உயிர் போவது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் இடையே பல ஆண்டுகள் கிடக்கலாம். முதல் நிலையிலேயே ஆயுள் முழுதும் நின்றுவிடுபவர்கள் ஏராளம்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்து 1999இல் வந்த ஆய்வு. 1982 முதல் 1997 வரை ஒரே அறுவை மருத்துவர் அறுவை செய்த 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 315 பேருக்குப் பி.எஸ்.ஏ. திரும்ப ஏறியது. பரவல் உறுதியாகும் வரை அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை (ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுப்பது) தரப்படவில்லை. அதனால் நோயின் இயல்பான நடையை அந்த ஆய்வு காட்டியது. பி.எஸ்.ஏ. ஏறியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் ஆய்வுக் காலத்துக்குள் தொலைவுப் பரவல் வந்தது. பி.எஸ்.ஏ. ஏறியதிலிருந்து பரவல் வரை இடைநிலைக் காலம் (வரிசையில் நடுவில் நிற்பவருக்கு ஆன காலம்) 8 ஆண்டுகள். பரவலிலிருந்து மரணம் வரை மேலும் 5 ஆண்டுகள். அதுவும் இன்றைய மருந்துகள் எதுவும் இல்லாத காலத்தில். பி.எஸ்.ஏ. ஏறுகிறது என்று கேட்டவுடன் வீடே இடிந்துபோய் உட்காரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எண்களைத்தான்.

ஆக, ஒரு குறிப்பான் "திரும்புவதைக் கணிக்கும்" என்று யாராவது சொன்னால், மூன்றில் எதைக் கணிக்கும் என்று கேளுங்கள். பி.எஸ்.ஏ. ஏறுவதை மட்டும் கணிக்கும் குறிப்பான் உங்கள் அப்பாவுக்குத் தேவையே இல்லை; பி.எஸ்.ஏ.வை நேரடியாகவே அளந்துகொண்டிருக்கிறோம். பரவலைக் கணிப்பதுதான் பயனுள்ள குறிப்பான்.

இனி பி.எஸ்.ஏ. இது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். புற்றுச் செல்லும் சுரக்கும், நல்ல செல்லும் சுரக்கும். அதனால்தான் அறுவைக்கு முன் இது தெளிவில்லாத சோதனையாக இருக்கிறது: வயதால் சுரப்பி வீங்கினாலும் ஏறும், தொற்று வந்தாலும் ஏறும். சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. சுரக்க நல்ல செல்லே இல்லை. பிறகு இரத்தத்தில் தொடர்ந்து ஏறும் பி.எஸ்.ஏ.வுக்கு விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: எங்கோ புராஸ்டேட் செல்கள் இருக்கின்றன. அறுவைக்குப் பிந்தைய பி.எஸ்.ஏ. அளவுக்கு நுட்பமான குறிப்பான் வேறு புற்றுநோய்களில் அரிது.

ஆறு வாரம் ஏன் காத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஏ. இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். 11இல் தொடங்கி மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வந்தால், ஒரு மாதத்தில் பத்து முறை பாதியாகி 0.01 அளவுக்கு வந்துவிடும். ஆறு வாரம் கழித்தும் 0.1 அல்லது அதற்கு மேல் நின்றால், அறுவையின்போதே சுரப்பிக்கு வெளியே புற்று இருந்திருக்கலாம் என்று பொருள். அது தனி வகை. அவர்களுக்கு ஆபத்து அதிகம். உங்கள் அப்பாவுக்கு ஆறாவது வாரத்தில் 0.03க்குக் கீழே இறங்கியது. இது நல்ல செய்தி. இதை யாரும் உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வகுத்த வரையறைப்படி, பி.எஸ்.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமை எட்டி, மறுமுறை எடுத்தபோதும் 0.2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அதற்கு உயிர்வேதியியல் மீள்வரவு என்று பெயர். 0.08 அந்தக் கோட்டைத் தொடவில்லை. ஆனாலும் "கோட்டைத் தொடவில்லையே" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கோட்டின் எந்தப் பக்கம் என்பதைவிட, எவ்வளவு வேகத்தில் அதை நோக்கி வருகிறது என்பது முக்கியம். இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் இன்று பி.எஸ்.ஏ. 0.2. முதலாமவருக்கு அறுவை முடிந்து ஓராண்டுதான் ஆகிறது. ஆறு மாதம் முன்பு 0.05, மூன்று மாதம் முன்பு 0.1, இன்று 0.2. இரண்டாமவருக்கு அறுவை முடிந்து எட்டு ஆண்டுகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 0.05, இரண்டு ஆண்டுகளுக்கு முன் 0.1, இன்று 0.2. சோதனைச் சீட்டில் ஒரே எண். நோயோ வேறு வேறு. பி.எஸ்.ஏ. இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலம் முதலாமவருக்கு 3 மாதம், இரண்டாமவருக்கு 24 மாதம். வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போன்ற கணக்கு இது. அசல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வட்டி விகிதம்தான் முடிவைத் தீர்மானிக்கும்.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2005இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பி.எஸ்.ஏ. திரும்பியவர்களில் யார் நோயால் இறக்கிறார்கள் என்பதை மூன்று கேள்விகளால் பிரித்துக் காட்டியது. இரட்டிப்புக் காலம் எவ்வளவு? அறுவைக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள் ஏறியதா, பிறகா? கிளீசன் எண்களின் கூட்டுத்தொகை 8க்குக் கீழா, 8 அல்லது அதற்கு மேலா? இரட்டிப்புக் காலம் 15 மாதத்துக்கு மேல், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஏறியது, கிளீசன் 8க்குக் கீழ் என்று மூன்றும் சாதகமாக அமைந்தவர்களில் 100க்கு 94 பேர் 15 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நோயால் இறக்கவில்லை. இரட்டிப்புக் காலம் 3 மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்களின் நிலைமை மிகக் கடினம். இடைப்பட்டவர்கள் இடைப்பட்ட நிலையில். ஐரோப்பியச் சிறுநீரியல் சங்கமும் இப்போது ஓராண்டு என்ற கோட்டைப் போட்டு, இரட்டிப்புக் காலம் ஓராண்டுக்கு மேல், கிளீசன் 8க்குக் கீழ் என்றால் குறைந்த ஆபத்து என்று வகைப்படுத்துகிறது.

இப்போது நீங்கள் உடனே கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்ப்பீர்கள் என்று தெரியும். 0.05 மூன்று மாதத்தில் 0.08 ஆனால் இரட்டிப்புக் காலம் ஏறத்தாழ நாலரை மாதம் என்று வரும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இவ்வளவு குறைந்த அளவில் சோதனைக் கருவியின் இயல்பான ஏற்ற இறக்கமே 0.01 அளவுக்கு இருக்கலாம். உண்மையில் முதல் அளவு 0.06, இரண்டாவது 0.07 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கு பதின்மூன்றரை மாதம் என்று சொல்லும். அதே இரண்டு சீட்டுகளிலிருந்து நாலரை மாதமும் வருகிறது, பதின்மூன்றரை மாதமும் வருகிறது. 0.1க்குக் கீழே, அதுவும் இரண்டே அளவுகளை வைத்து இரட்டிப்புக் காலம் கணக்கிடக் கூடாது என்பது இதனால்தான். குறைந்தது மூன்று அளவுகள், போதிய இடைவெளியில், 0.1ஐத் தாண்டிய பிறகு எடுத்தவை, ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் எடுத்தவை வேண்டும்.

ஒரே ஆய்வகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெவ்வேறு நிறுவனக் கருவிகளுக்கு வெவ்வேறு அளவுத்திருத்தம் உண்டு. ஒரே இரத்தத்தை இரண்டு முறைகளில் அளந்தால் எண் 20 சதவீதம் வரை மாறலாம். இந்த முறை வீட்டுக்குப் பக்கத்தில் கொடுத்தோம், அடுத்த முறை தள்ளுபடி கிடைத்த இடத்தில் கொடுத்தோம் என்றால், ஏறியது புற்றா கருவியா என்று யாராலும் சொல்ல முடியாது. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். அதிக அளவு பயோட்டின் சில சோதனை முறைகளில் பி.எஸ்.ஏ.வைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

இனி என் மேசைக்கு வருகிறேன். அகற்றிய சுரப்பி ஃபார்மலினில் மிதந்தபடி எங்களிடம் வரும். நன்றாகப் பதப்பட்ட பிறகு வெளிப்பரப்பு முழுவதும் மை பூசுவோம். வலப்பக்கம் ஒரு நிறம், இடப்பக்கம் வேறு நிறம். பிறகு குறுக்காக, சில மில்லிமீட்டர் தடிமனில் துண்டு போடுவோம். சிறுநீர்ப்பையை ஒட்டிய மேல்முனையும் அடிமுனையும் தனியாக நெடுக்கு வெட்டில் வெட்டப்படும்; விளிம்பில் புற்று இருக்கும் வாய்ப்பு அடிமுனையில் அதிகம். துண்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டு, மைக்ரான் கணக்கில் சீவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்டுக் கண்ணாடியில் வரும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது வெளியே பூசிய மை ஒரு கோடாகத் தெரியும். புற்றுச் செல் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பில் புற்று இருக்கிறது என்று எழுதுவோம். மைக்கும் செல்லுக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும், இல்லை என்றுதான் எழுதுவோம்.

உங்கள் அப்பாவின் அறிக்கையில் "விளிம்பில் புற்று" என்பதோடு நிறுத்தியிருந்தால், இரண்டு கூடுதல் தகவல்களைக் கேட்டு வாங்குங்கள். மையைத் தொடும் பகுதி எத்தனை மில்லிமீட்டர் நீளம்? அந்த இடத்தில் இருக்கும் புற்று கிளீசன் 3 வகையா, 4 வகையா? ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில் 3 வகை தொட்டுக்கொண்டிருப்பதற்கும், நீண்ட பகுதியில் 4 வகை தொட்டுக்கொண்டிருப்பதற்கும் ஆபத்தில் நிறைய வித்தியாசம் உண்டு. கூடவே, சல்லடைத் துளை போன்ற அமைப்பும், சுரப்பிக் குழாய்களுக்குள் பரவிய புற்றும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். இவை இருந்தால் நோய் மூர்க்கமானது என்று இப்போது தெளிவாகவே தெரிகிறது. பழைய அறிக்கைகளில் இவற்றை எழுதும் வழக்கம் இல்லை. கண்ணாடிகளை மீண்டும் பார்த்து எழுதித்தர எங்களுக்கு அதிக நேரம் ஆகாது.

கிளீசன் முறையை 1960களில் அமெரிக்க நோயியலாளர் டொனால்ட் கிளீசன் வகுத்தார். செல்லின் உட்புறத்தை ஆராயாமல், சுரப்பிக் குழாய்கள் எந்த அளவுக்கு ஒழுங்கு குலைந்திருக்கின்றன என்பதை மட்டும் பார்க்கும் முறை அது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ மூலக்கூறுச் சோதனைகள் வந்துவிட்டன. இன்றும் புதிய குறிப்பான் எது வந்தாலும், கிளீசனுக்கு மேல் அது கூடுதலாக எதைச் சொல்கிறது என்றுதான் முதலில் சோதிக்கிறார்கள். பெரும்பாலானவை அந்தச் சோதனையில்தான் விழுகின்றன.

அறிக்கையில் உள்ளவற்றையெல்லாம் கூட்டி ஓர் எண்ணாக்கும் முறையும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட காப்ரா-எஸ் மதிப்பெண் அது. கட்டணம் இல்லை, காகிதத்திலேயே போடலாம். உங்கள் அப்பாவுக்குப் போட்டுப் பார்ப்போம். அறுவைக்கு முந்தைய பி.எஸ்.ஏ. 10க்கும் 20க்கும் இடையில், அதற்கு 2. கிளீசன் 4+3, அதற்கு 2. விளிம்பில் புற்று, அதற்கு 2. எல்லை தாண்டிய பரவல், அதற்கு 1. விந்துப்பையும் கணுக்களும் சுத்தம், ஆகவே 0. மொத்தம் 12இல் 7. இதில் 0 முதல் 2 வரை குறைந்த ஆபத்து, 3 முதல் 5 வரை நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் அதிகம்.

ஆக, பி.எஸ்.ஏ. திரும்ப ஏறும் வாய்ப்பு அதிகம் என்பது அறுவை முடிந்த இரண்டாவது வாரத்திலேயே காகிதத்தில் இருந்தது. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. ஆனால் இந்த 7 என்பது ஏறுவதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. ஏறிய பிறகு என்ன ஆகும் என்பதற்கு வேகமும் சிகிச்சையும் சேர்கின்றன.

இப்போது நீங்கள் கேட்ட மரபணுச் சோதனை. அறுவைக்குப் பிந்தைய நிலைக்கு அதிகம் சோதிக்கப்பட்டது டெசிஃபர் என்ற சோதனை. மேயோ கிளினிக்கில் 1987 முதல் 2001 வரை அறுவை செய்துகொண்டவர்களின் பாதுகாக்கப்பட்ட திசுக்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, பரவல் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, 22 கூறுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சோதனை 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும், 0.45க்குக் கீழ் குறைந்த ஆபத்து, 0.6க்கு மேல் அதிகம். இதன் சிறப்பு, தொடக்கத்திலிருந்தே பி.எஸ்.ஏ. ஏற்றத்தை விட்டுவிட்டுப் பரவலை இலக்காக வைத்துக் கட்டப்பட்டது என்பது. கிளீசன், விளிம்பு, பி.எஸ்.ஏ. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கூடுதலாக ஏதோ சொல்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

புரோலாரிஸ் என்ற சோதனை செல் பிரிதலோடு தொடர்புடைய 31 மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கிறது. 17 மரபணுக்களைப் பார்க்கும் ஆன்கோடைப் சோதனை பெரும்பாலும் அறுவைக்கு முன், பயாப்சியில், சிகிச்சை வேண்டுமா கண்காணிப்பு போதுமா என்ற முடிவுக்கானது. உங்கள் கேள்விக்கு அது பொருந்தாது.

டெசிஃபர் உங்கள் அப்பாவுக்கு எதை மாற்றும்? சுரப்பி இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவையா என்ற கேள்வியை அது மாற்றாது என்பது என் கருத்து. 7 மதிப்பெண்ணோடு பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டே போனால் கதிர்வீச்சுத் தேவைப்படும். டெசிஃபர் குறைவாக வந்தாலும் பெரும்பாலான மருத்துவர்கள் அதைத் தவிர்க்கமாட்டார்கள். அது மாற்றக்கூடியது அடுத்த கேள்வியை: கதிர்வீச்சோடு ஹார்மோன் சிகிச்சையும் சேர்க்க வேண்டுமா?

ஹார்மோன் சிகிச்சை எளிதானதல்ல. எலும்பு மெலியும், உடல் சூடேறி வியர்க்கும், தசை குறையும், சர்க்கரையும் இதயமும் கவனம் கேட்கும். வட அமெரிக்காவில் 760 பேரை வைத்து நடந்த ஆய்வில், கதிர்வீச்சோடு இரண்டாண்டு பைகலுட்டமைடு என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை சேர்த்தவர்களில் 12 ஆண்டுகளுக்குப் பின் 76.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சேர்க்காதவர்களில் 71.3 சதவீதம். அதே ஆய்வின் திசுக்களைப் பின்னர் டெசிஃபர் மூலம் பிரித்துப் பார்த்தபோது, மதிப்பெண் அதிகமாக இருந்தவர்களுக்கு மாத்திரையால் கிடைத்த ஆதாயம் 8.9 சதவீதப் புள்ளிகள், குறைவாக இருந்தவர்களுக்கு 2.4 மட்டும். பி.எஸ்.ஏ. தாழ்ந்திருக்கும்போதே கதிர்வீச்சு எடுத்து, மதிப்பெண்ணும் குறைவாக இருந்தவர்களுக்கு மாத்திரையால் நன்மையே தெரியவில்லை. இந்த இடத்தில்தான் சோதனைக்கு மதிப்பு இருக்கிறது. உங்கள் மருத்துவர் "ஹார்மோன் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்கே இரு மனதாக இருக்கிறது" என்று சொன்னால் அப்போது செய்யுங்கள். "தெரிந்துகொள்ளலாமே" என்பதற்காக இன்று செய்ய வேண்டாம். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளிகளின் திசுக்களில் சரிபார்க்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

திசுவில் பார்க்கும் எளிய குறிப்பான்களும் உண்டு. கட்டியை அடக்கி வைக்கும் பி.டி.இ.என். என்ற மரபணுவின் புரதம் காணாமல் போயிருக்கிறதா என்று சாதாரணச் சாயச் சோதனையிலேயே பார்க்கலாம். காணாமல் போயிருந்தால் நோய் முன்னேறும் ஆபத்து அதிகம். செல் பிரியும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.-67 சாயமும் அப்படியே, ஆனால் எண்ணும் முறை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால் எல்லைக் கோடு போடுவது கடினம். 2005இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு, புராஸ்டேட் புற்றில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு புதிய மரபணுவாவதைக் கண்டுபிடித்தது. ஆண் ஹார்மோனுக்குக் கீழ்ப்படியும் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதி, ஈ.ஆர்.ஜி. என்ற வளர்ச்சி மரபணுவின் முன்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. மேற்கு நாட்டு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருக்கிறது. நோய் எப்படிப் பிறக்கிறது என்ற புரிதலையே மாற்றிய கண்டுபிடிப்பு. ஆனால் அறுவைக்குப் பின் யாருக்குத் திரும்பும் என்று கணிக்க அது உதவவில்லை. ஒட்டு இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். நோயை உண்டாக்கும் மாற்றம் வேறு, நோயின் போக்கைச் சொல்லும் குறிப்பான் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ.வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பரவிய நோயில் அது பயன் தருகிறது. பி.எஸ்.ஏ. 0.08 இருக்கும் நிலையில் புற்றின் அளவு மிகச் சிறிது. இரத்தத்தில் கிடைக்கும் டி.என்.ஏ. பெரும்பாலும் கண்டறியும் எல்லைக்குக் கீழேதான் இருக்கும். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இது கட்டியில் வந்த மாற்றம் அல்லாமல் பிறவியிலேயே வந்ததாக இருந்தால், நோய் வேகமாக நடக்கும். அப்பாவின் குடும்பத்தில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் புற்று இளவயதில் வந்திருந்தால், இரத்தத்திலோ உமிழ்நீரிலோ இந்தச் சோதனையைச் செய்வதில் அர்த்தம் உண்டு. முடிவு அப்பாவுக்கு மட்டுமானதும் அல்ல. அவருக்கு அந்த மாற்றம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகனோ மகளோ, வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகள்களுக்கு அது மார்பகப் புற்றையும் சினைப்பைப் புற்றையும் முன்கூட்டியே தடுக்கும் வாய்ப்பைத் தருகிறது. கல்யாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று இந்தச் சோதனையைத் தள்ளிப்போடும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பெண்களுக்காகவாவது தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன். புராஸ்டேட் புற்றுச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். இந்தியாவின் பெருநகரங்களில் கிடைக்கிறது. "இப்போதே எடுத்துப் பார்த்துவிடலாமே" என்று பலரும் கேட்பார்கள். 2019இல் வெளியான, 635 பேரை ஆராய்ந்த ஆய்வில், பி.எஸ்.ஏ. 0.5க்குக் கீழே இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது தெரிந்தது. 0.5 முதல் 1 வரை 57 சதவீதம், 5க்கு மேல் 97 சதவீதம். 0.08இல் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். தெரியவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பெரிய ஆபத்து. ஸ்கேனில் புள்ளி தெரியட்டும் என்று பி.எஸ்.ஏ.வை 1 வரை ஏறவிட்டுக் காத்திருப்பது அதைவிட ஆபத்து.

ஏனென்றால் கதிர்வீச்சு எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். 2023இல் வெளியான, 25,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசிய ஆய்வு, கிளீசன் 8 அல்லது அதற்கு மேல், சுரப்பியின் எல்லை தாண்டிய பரவல் ஆகிய ஆபத்துகளில் அதிகபட்சம் ஒன்று மட்டும் உள்ளவர்களில், பி.எஸ்.ஏ. 0.25ஐத் தாண்டிய பிறகு கதிர்வீச்சுத் தொடங்கியவர்களிடம் மரண ஆபத்து கூடுதலாக இருந்ததைக் காட்டியது. மறுபுறம், பி.எஸ்.ஏ. ஏறும் முன்பே எல்லோருக்கும் கதிர்வீச்சுக் கொடுப்பதாலும் ஆதாயம் இல்லை. பிரிட்டன், கனடா, டென்மார்க், அயர்லாந்து நாடுகளில் 1,396 பேரை வைத்து நடந்த ராடிகல்ஸ் ஆய்வில், உடனே கொடுத்தவர்களுக்கும் பி.எஸ்.ஏ. ஏறியபின் கொடுத்தவர்களுக்கும் ஐந்தாண்டு முடிவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உடனே கொடுத்தவர்களுக்குச் சிறுநீர்க் கசிவும் சிறுநீர்க் குழாய்ச் சுருக்கமும் அதிகம். எனவே உங்கள் அப்பாவுக்கு இதுவரை கதிர்வீச்சுக் கொடுக்காமல் கவனித்து வந்ததில் குறை காண ஒன்றும் இல்லை. இனிமேல் கவனிப்பு நெருக்கமாக வேண்டும், அவ்வளவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அதே ஆய்வகத்தில் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அடுத்த பி.எஸ்.ஏ.வை எடுப்பேன். அது 0.1ஐத் தாண்டி, அதற்கடுத்த அளவும் ஏறினால், 0.2 வரட்டும் என்று காத்திராமல் கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கிவிடுவேன். பார்ப்பதால் மறுநாளே சிகிச்சை தொடங்கிவிடாது. திட்டமிட, ஸ்கேன் வேண்டுமா என்று முடிவெடுக்க, சிறுநீர் கட்டுப்பாடு போதிய அளவு திரும்பிவிட்டதா என்று பார்க்க அவர்களுக்கும் வாரங்கள் வேண்டும். மாறாக 0.08லேயே நின்றுவிட்டால், அடிமுனையில் தங்கிப்போன சிறிது நல்ல திசு சுரப்பதாகவும் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு போகலாம்.

அறுவை செய்த மருத்துவமனையின் நோயியல் துறையில், அப்பாவின் மெழுகுக் கட்டைகள் எந்த எண்ணில் இருக்கின்றன, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று இந்த வாரமே கேட்டுவையுங்கள். விளிம்பின் நீளத்தை மீண்டும் அளக்கவும், பி.டி.இ.என். சாயம் பார்க்கவும், பின்னால் டெசிஃபர் தேவைப்பட்டால் அனுப்பவும் அந்தக் கட்டைகள்தான் வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றை அப்புறப்படுத்தும் இடங்கள் உண்டு. விண்ணப்பம் கொடுத்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்களிடமே தருவார்கள். வெயில் படாத, சூடு இல்லாத அலமாரியில் வைத்தால் பல ஆண்டுகள் கெடாது.